இரண்டு ஆறாம் லாட்

அந்தப் படத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அதில் நான் இல்லை என்பதைக் கண்டேன்.

நான் உயரமானவன் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். ஆபீஸ் சுவரில் ஆணி அடித்து முடிக்கும்வரை காகிதத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். காகிதம் ஒரு பாய் நீளம் இருந்தது. அதில் வரிசையாகப் பெட்டிகள் வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எங்கள் கம்பெனியின் ஒரு பிரிவை எழுதியிருந்தார்கள். நூல் குடோன், நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி ஓடியது. இங்கிலீஷில் எழுதி, கீழே தமிழிலும் எழுதியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். கை வலிக்க நின்று எல்லாப் பெட்டிகளையும் வாசித்தேன். வாட்ச்மேனுக்குக்கூட ஒரு சின்னப் பெட்டி இருந்தது. எனக்கு இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் காட்டில் கிணறு வற்றியதும் திருப்பூருக்கு வந்தவன். அப்போது ஒரே ஷெட்டுக்குள் எல்லா வேலையும் நடந்தது. துணி அறுக்கிறவர் தைக்கிறவரிடம் கையை நீட்டிக் கொடுத்துவிடுவார். பிறகு வெளிநாட்டு ஆர்டர்கள் வந்தன. முதலாளி ஆற்றோரம் ஒரு சாயப்பட்டறையை வாங்கினார். நிட்டிங் வேறு இடத்துக்குப் போனது. கட்டிங்கும் தையலும் அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளுக்குப் பக்கத்தில் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போயின. கம்பெனி நான்கு துண்டாகிவிட்டது. அந்தத் துண்டுகளுக்கு நடுவே டெம்போவில் துணி ரோல்களோடு உட்கார்ந்து போய்வருவதுதான் என் வேலை. டெலிவரி ஆள் என்பார்கள்.

அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. சீட்டைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, கிளம்பிவிடலாம். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீடுகளில்கூடப் பந்தி பரிமாறுகிற வேலையை வாங்கிக்கொள்வேன். கையில் வாளி இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ப்ளான் போட வந்திருக்கிறார் என்றார்கள். புதுக் கட்டடம் வரப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு அம்மா, "எங்கூட்டுக்காரரு கொத்தனாருங்க, சொல்லிவையுங்க" என்று மேனேஜரிடம் கேட்டே விட்டார். மேனேஜர் சிரித்துவிட்டு, "இது செங்கல் ப்ளான் இல்லீங்க. கம்பெனிக்கே ப்ளான்" என்றார்.

இன்ஜினியர் அதை எங்களுக்குப் புரியும்படி சொன்னார். வீட்டில் ஒயரிங் செய்வதற்கு முன்னால் எந்த அறையில் என்ன இருக்கிறது, எது எதோடு சேர வேண்டும் என்று வரைந்துகொள்வோம் இல்லையா, அதுபோல கம்பெனியில் எந்தப் பிரிவு எந்தப் பிரிவுக்கு என்ன தகவல் தருகிறது என்று முதலில் வரைய வேண்டும். வரைந்த பிறகுதான் கம்ப்யூட்டர். வரையாமல் கம்ப்யூட்டர் வைத்தால் ஒவ்வொரு பிரிவும் ஒரு பாஷை பேசும் என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மெதுவாகப் பேசினார். கேட்ட பிறகு பதிலுக்குக் காத்திருந்தார்.

சாயப்பட்டறையில் அவர் கேள்வி கேட்ட அன்று நான் அங்கே ரோல் ஏற்றிக்கொண்டிருந்தேன். சாய மாஸ்டர் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு தொட்டியில் ஒரு தடவை முக்கி எடுக்கிற துணி மொத்தத்துக்கும் ஒரு லாட் என்று பெயர். ஒவ்வொரு லாட்டுக்கும் அவர் ஒரு நம்பர் போடுவார். சுவரில் தொங்கும் கரும்பலகையில் எழுதி, ரோலின் ஓரத்திலும் எழுதுவார்.

"எல்லா லாட்டுக்கும் நம்பர் உண்டா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"நம்பர் இல்லாம ஒரு முழம் துணி வெளிய போவாது சார்."

"ஒரே நம்பர் ரெண்டு லாட்டுக்கு வருமா?"

"எம் பட்டறையிலயா? அந்தப் பேச்சுக்கே இடமில்ல. பலகையைப் பாத்துக்கிடுங்க, ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா கெடக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. பலகையில் ஒரே நம்பர் இரண்டு தடவை இருந்ததே இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை பூசை போட்டதும் பலகையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். போன வாரம் அவருக்கு முடிந்துபோன வாரம். அவரிடமிருந்து துணி போய்விட்டால் அது உலகத்தைவிட்டே போன மாதிரி.

வெயில் காலத்தில் இதனால் ஒன்றும் ஆகாது. அந்த வாரத்துத் துணி அந்த வாரமே காய்ந்து கட்டிங்குக்குப் போய்விடும். மழை பிடித்தால் காயாத ரோல்கள் தங்கிவிடும். அப்போது போன வாரத்து ஆறும் இந்த வாரத்து ஆறும் ஒரே டெம்போவில் ஏறும். ஒரே கலர் என்று பெயர்தான், தொட்டிக்குத் தொட்டி கொஞ்சம் மாறும். ஒரு பனியனின் உடம்பை ஒரு லாட்டிலும் கையை ஒரு லாட்டிலும் வெட்டித் தைத்தால், கடையில் வாங்குகிறவன் மாட்டிப் பார்க்கும்போது தெரிந்துவிடும். ஆர்டர் திரும்பி வந்துவிடும்.

அதனால் நான் பழைய வாரத்து நம்பருக்கு அடியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். என்னிடம் யாரும் போடச் சொன்னதில்லை. ஒரு மழைக்காலத்தில் நானாகப் போட்டுப் பார்த்தது, எட்டு ஒன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டிங் மாஸ்டர், "கோடு போட்டதத் தனியா வையுங்க" என்று ஆட்களிடம் சொல்வார். என்ன கோடு என்று அவரும் கேட்டதில்லை.

இன்ஜினியர் சாய மாஸ்டர் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். அன்று நான் பேசாததற்குக் காரணம் என் வழக்கமான கூச்சம்தான். என்னிடம் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

படத்தை மாட்டிய பிறகு மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். அடுத்த வாரத்திலிருந்து லாட் சீட்டு கம்ப்யூட்டரில் அச்சாகி வரும். சாயப்பட்டறையில் அதை ரோலோடு கட்டுவார்கள். கட்டிங்கில் சீட்டைப் பார்த்து நம்பர்வாரியாக அடுக்க வேண்டும். துணிமேல் யாரும் சாக்பீஸால் கிறுக்கக் கூடாது.

"இந்தப் படத்துல பெட்டி இருக்கறவங்களுக்கு வேலை அப்படியே இருக்கும்" என்றார். "இல்லாதவங்கள மாசக் கடைசில பாத்துக்கலாம். டெம்போவுக்கு டிரைவர் போதும்ன்னு முதலாளி சொல்றாரு."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

எனக்குத் தையல் தெரியாது. இடது தோள் இறங்கிப்போய் அப்போதே இரண்டு வருஷம். நாள் முழுக்கச் சுமக்கிற லோடுமேன் வேலைக்கு ஆக மாட்டேன். இவற்றைவிடப் பெரிய பயம், இன்னொரு கம்பெனி வாசலில் போய் நின்று, முன்பின் தெரியாத ஒருவரிடம் வேலை கேட்க வேண்டுமே என்பது.

அப்போது அந்தப் படத்தில் சாயப்பட்டறையிலிருந்து கட்டிங்குக்கு ஓடிய அம்புக்குறியைப் பார்த்தேன். அதன்மேல் 'லாட் நம்பர்' என்று எழுதியிருந்தது. வாரம் எழுதியிருக்கவில்லை. மழை வந்தால் இந்த அம்பு தப்பான இடத்தில் குத்தும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. தப்பு நடக்கட்டும், நடந்தால்தானே நான் எதற்கு இருந்தேன் என்று தெரியும் என்று நினைத்தேன். இன்ஜினியர் அரை மணி நேரம் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். நான் வெளியே வந்து டெம்போவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். காலையில் எனக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா என்னங்க ஆகும்?"

"சீட்டுல ஒரு வரி சேத்து அச்சடிச்சுக்குவாங்க. அப்பறம் நான் எதுக்கு?"

"சொல்லாட்டி?"

"மழை வந்தா துணி போயிரும்."

அவள் டப்பாவை அழுத்தி மூடினாள். "துணி போனாப் போகட்டும்ங்கறீங்களா?"

டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வாரம் நல்ல வெயில். சீட்டு பிசகாமல் ஓடியது. இரண்டாவது வாரமும் அப்படியே. சாய மாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாத்தீரா, ஒம்ம சாக்பீஸ் இல்லாமலே கம்பெனி ஓடுது" என்பார். நான் ஏற்றிய ரோலையே மறுபடி நகர்த்தி வைப்பேன். மாசக் கடைசிக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். காயவைக்கிற களத்தில் எல்லோரும் மழை வரக் கூடாது என்று வானத்தைப் பார்ப்பார்கள். நான் மேற்கே கருக்கிறதா என்று பார்ப்பேன்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. திங்கட்கிழமைவரை விடவில்லை. மெரூன் கலரில் ஒரு பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஆறாம் லாட்டில் ஐந்து ரோல்கள் காயாமல் தங்கிவிட்டன. திங்கட்கிழமை பலகை துடைக்கப்பட்டது. புதன்கிழமை இன்னொரு ஆறாம் லாட் விழுந்தது, அதுவும் மெரூன். வியாழக்கிழமை காலை ஒன்பது ரோல்களை ஏற்றினேன். ஒன்பதிலும் ஒரே மாதிரி சீட்டு. மெரூன், லாட் ஆறு. அச்செழுத்து அழகாக இருந்தது.

அனுப்பர்பாளையத்தில் இறக்கியதும் நான் வழக்கம்போலத் திரும்பியிருக்க வேண்டும். தோள் வலிக்கிறது என்று டிரைவரை அனுப்பிவிட்டுக் கட்டிங் ஹால் வாசலில் நின்றேன். நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

கட்டிங் மாஸ்டர் கணியூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் பேசாவிட்டாலும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிற ஒரே ஆள். அவர் ரோல்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து ஓரங்களைப் பார்த்தார். பழக்கத்தில் என் கோட்டைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ஏந்தம்பி, இதுல கோடு போட்டது எது?"

"கோடு இனி இல்லீங்ணா. சீட்டுத்தானுங்க."

"அது தெரியுது. எல்லாம் ஒண்ணுதானா?"

அத்தனை வருஷத்தில் அதை அவர் கேட்டது அன்று ஒருநாள்தான். என் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. தெளிவாகவே பதில் சொன்னேன்.

"சீட்டுல ஆறுன்னு தானுங்க போட்டிருக்குது."

"நீ சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார்.

மேசைமேல் துணியை விரித்தார்கள். இரண்டு பெண்கள் இரண்டு முனையையும் பிடித்து ஒரு அடுக்கின்மேல் இன்னொரு அடுக்காக இழுத்துக்கொண்டே போனார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் மெரூன் எல்லாம் மெரூனாகவே இருந்தது. பக்கத்துப் பட்டறையில் குடம் தட்டுகிற சத்தம் விடாமல் கேட்டது. ஏற்றி இறக்கியவன் நான் என்பதால் போன வாரத்து ரோல் எது என்று எனக்குத் தெரிந்தது. அதை உடம்புக்கு விரித்தார்கள். இந்த வாரத்து ரோலைப் பக்கத்து மேசையில் கைக்கு விரித்தார்கள். போய்ச் சொல்ல இருபது அடி நடக்க வேண்டும். ஒரு அடுக்கு விழும்போதெல்லாம் அடுத்த அடுக்கு விழும்முன் போகலாம் என்று நினைத்தேன். மிஷினை ஓட்டினார்கள். முதல் மேசை அறுபட்டது.

வெட்டிய துண்டுகளைக் கட்டாகக் கட்டி ஒரு பெண் தையல் பக்கம் எடுத்துப் போனார். வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருடைய ஒரு கையில் உடம்புக் கட்டு, இன்னொரு கையில் கைக்கட்டு. வெயிலில் அவர் காலடி வைத்த அந்த நேரத்தில் இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தன. ஒன்று பழுத்த நாவல்பழம், ஒன்று செங்கல் மாதிரி.

தப்பு நடந்தால் சந்தோஷப்படுவேன் என்று மூன்று வாரத்துக்கு மேலாக நினைத்திருந்தேன். சந்தோஷம் வரவில்லை. அவரை நிறுத்தி, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு துண்டை உருவி, படியில் வெயில் படுகிற இடத்தில் விரித்தேன்.

"அண்ணா, கொஞ்சம் வெளிய வாங்க."

மாஸ்டர் வந்தார். துண்டுகளைப் பார்த்தார். குனிந்து இரண்டையும் எடுத்து இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "மிஷின நிறுத்துங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அன்று சாயங்காலம்வரை வெட்டிய துண்டுகளை வெளியே கொட்டி, எல்லோரும் வெயிலில் உட்கார்ந்து கலர் பார்த்துப் பிரித்தோம். பாதிக்குமேல் ஜோடி சேரவில்லை. கப்பலுக்கு ஏற்ற வேண்டிய நாள் தள்ளிப்போனது. மேனேஜர் வந்து எல்லோர் முன்னாலும் கட்டிங் மாஸ்டரைக் கேட்டார்.

"முப்பது வருசமா துணி வெட்டறீங்க. ஷேடு தெரியாத அளவுக்குக் கண்ணு போயிருச்சுங்களா? முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாக்கறோம்."

மாஸ்டர் என்னிடம் கேட்டதையோ நான் சொன்ன பதிலையோ சொல்லவில்லை. துண்டுகளைப் பிரித்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை இன்ஜினியர் வந்து, படத்துக்கு முன்னால் எங்களை உட்காரவைத்தார். சாய மாஸ்டர் தன் நம்பரில் தப்பில்லை என்றார். பலகையைக் கொண்டுவந்தே காட்டினார். கம்ப்யூட்டரில் உட்காருகிற பெண், தனக்கு வந்த நம்பரைத்தான் அடித்தேன் என்றாள். கட்டிங் மாஸ்டர், சீட்டைப் பார்த்துத்தான் வெட்டினேன் என்றார். எல்லோரும் சொன்னது சரியாகவே இருந்தது.

"அப்ப மாஸ்டர் கண்ணுதான்" என்றார் மேனேஜர்.

இன்ஜினியர் பேனாவை அந்த அம்புக்குறிமேல் வைத்தார். "இந்தக் கோட்டுல யார் போறாங்க? துணி தானா நடந்து போகாதே."

மேனேஜர் என் பக்கம் கையைக் காட்டினார். "இவருங்க. வெறும் டெலிவரி. பேசமாட்டாரு."

நான் எழுந்து நின்றேன். என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை பலகை துடைப்பது, மழை, கோடு. மாஸ்டர் என்னைக் கேட்டதையும், சீட்டில் ஆறு என்று நான் சொன்னதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது சாய மாஸ்டர் தன் பலகையைத் திருப்பிச் சுவரோரமாகச் சாய்த்துவைத்தார்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"படம் மாட்டின அன்னைக்கேங்க."

"ஏய்யா, அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் மேனேஜர்.

"படத்துல நான் இல்லீங்களே."

கட்டிங் மாஸ்டர் என்னைப் பார்க்காமல் இன்ஜினியரிடம் சொன்னார். "இத்தன வருசமா இவன் பேசத் தெரியாதவன்னு நெனச்சிட்டிருந்தனுங்க. பேசாம இருக்கத் தெரிஞ்சவனா இருக்கறான்."

என்னை அன்றே அனுப்பிவிட வேண்டும் என்றார் மேனேஜர். இன்ஜினியர் படத்தின் பக்கம் திரும்பினார். அம்புக்குறியை நடுவில் அழித்து, அங்கே ஒரு பெட்டி வரைந்தார். நம்பரோடு வாரத்தையும் சேர்த்து அச்சடிக்கலாம், ஆனால் எழுதியது சரியா என்று துணியைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், இவரை விட்டால் அது தெரிந்த ஆள் உங்களிடம் இல்லை என்றார். முதலாளிவரை பேசி அதை ஒப்புக்கொள்ள வைத்தார். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள்.

அதன்பின் தினமும் காலை ஒன்பது மணிக்கு நான் ஆபீஸில் நின்று, இன்றைக்கு எந்த வாரத்து எந்த லாட் போகிறது என்று எல்லாப் பிரிவுக்காரர்கள் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் ஒரு மாசம் அதை நினைத்துக் காலைச் சோறு இறங்காது. பிறகு இறங்கியது. அந்தக் கம்பெனியில் இன்னும் இருக்கிறேன்.

கட்டிங் மாஸ்டர் வேலையைவிட்டு நிற்கும்வரை என்னோடு சண்டை போடவில்லை. டீ வந்தால் எனக்கும் ஒரு டம்ளர் தள்ளுவார். நான் ரோல்களை இறக்கிவிட்டு, "அஞ்சு ரோல் போன வாரங்ணா, நாலு இந்த வாரம்" என்பேன். "சரி" என்பார். அப்புறம் ஒன்பது ரோல்களையும் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போவார்.